தேள் கொட்டினால் யார் ஓடுவது

சாவகச்சேரியில் பஸ் ஏறிய ஓர் இளம்பெண்ணும் அவளோடு வேலை செய்பவரும் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். மந்திரவாதிகளும் அரக்கர்களும் உலவும் ஒரு கணினி விளையாட்டை இருவரும் சேர்ந்து உருவாக்குகிறார்களாம்.

“என்ரை தேள் கொட்டினால் ஆளாலை அசைய ஏலாது, அண்ணை,” என்றாள் அவள்.

“பையிலை மருந்துப் போத்தல் இருக்கும்தானே? எல்லா விளையாட்டிலையும் இருக்கு.”

“இதிலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஓடிப்போய் விசம் இறக்கிற பரியாரியைக் கூட்டிக்கொண்டு வரவேணும்.”

“பக்கத்து வீட்டோடை கோவமெண்டால்?”

“அதைத் தீர்த்துப்போட்டுத்தான் காட்டுக்குள்ளை இறங்கவேணும்.”

“உது சரிவராது பிள்ளை. சனம் விளையாடுறது தேளை வெட்ட. வேலிச் சண்டை தீர்க்கிறதுக்கே?”

அவரே தொடர்ந்தார்.

“நானெண்டால் முதல் தேளோடையே முடிஞ்சுபோவன். வேலி அடைச்ச நாளிலையிருந்து பக்கத்து வீட்டு மனிசனோடை கதை பேச்சு இல்லை.”

பஸ் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியது. பிறகு அவள் மெல்லக் கேட்டாள்.

“உண்மையாவே ஒண்டு கொட்டினால், அவர் ஓடமாட்டாரோ அண்ணை?”

“அவர் ஓடுவார், பிள்ளை. நான்தான் கூப்பிடமாட்டன்.”