நடுக்கட்டம்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி தட்டுகிறது, ஐயா. ஒரு திருகை முடுக்கினால் நின்றுவிடும். சின்னக் கோளாறைக்கூடப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்னால் ஆகாத காரியம்.

கிடங்கில் அலமாரிகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் தானியங்கி வண்டிகளுக்கு வழி சொல்லும் நிரல் நான் எழுதியது. தரை முழுவதும் ஒரே சதுரம், அதற்குள் கட்டங்கள். ஆள் நிற்கும் கட்டத்துக்கு ஒன்று, மற்றதற்குப் பூஜ்யம். ஒன்று இருக்கும் கட்டத்துக்குள் வண்டி நுழையாது.

என் தங்கையின் கணவர் அங்கே மெக்கானிக். அவள் அதே தளத்தின் நட்டநடுவில் பொட்டலம் கட்டுவாள். மாப்பிள்ளை அவளை அடிப்பார். ஒருமுறை விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார். கேட்டதற்கு, "எங்க வீட்டு விஷயம் மச்சான், விட்டுடுங்க" என்று சிரித்தார். அவளும் என் மேல்தான் எரிந்து விழுந்தாள். "என் புருஷன எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீ இனிமே இந்தப் பக்கம் வராதண்ணே." இடுப்பில் தூக்கி வளர்த்தவனுக்குக் கிடைத்த மரியாதை அது. வலித்தது.

நிரலில் இருக்கும் அந்தச் சதுரத்தை இருந்த இடத்திலேயே கால் சுற்று திருப்புவது சுலபம். வரிசைகளை நெடுவரிசைகளாக்கி, பிறகு ஒவ்வொரு வரிசையையும் முன்பின்னாகப் புரட்ட வேண்டும். தனியாக நகல் தேவையில்லை. பழையதன் மேலேயே புதியது வந்து உட்கார்ந்துவிடும்.

மாப்பிள்ளை மூலையில் குனிந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது திருப்பினேன். அவருடைய ஒன்று அடுத்த மூலைக்குப் போய்விட்டது. வண்டி வந்து அவரைச் சுவரோடு முட்டியது. விலா எலும்பு முறிந்த சத்தம் மாடியில் என் கண்ணாடி அறைவரை கேட்டது. வழி காலி என்றுதான் அதற்குத் தெரியும், அதனால் பின்வாங்கி மறுபடி மறுபடி முட்டியது. கொஞ்ச நேரத்தில் அவர் கத்துவது நின்றது.

எத்தனை முறை திருப்பினாலும் நடுக்கட்டம் மட்டும் நகராது. தங்கைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். ஆனால் அது வரிசைகள் ஒற்றைப்படையாக உள்ள சதுரத்துக்குத்தான் பொருந்தும். போன வாரம் தளத்தை ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் நீட்டியிருந்தார்கள். இரட்டைப்படையில் நடு என்று ஒரு கட்டம் கிடையாது. நான்கு கட்டங்கள் தமக்குள் இடம் மாறிக்கொள்ளும்.

வண்டி அவளை மேசையோடு சேர்த்து நெருக்கியது. வாயிலிருந்து ரத்தம் வழிய, என் அறையை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே" என்றாள். அவசர நிறுத்தப் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தியிருந்தால் வண்டி நின்றிருக்கும், ஆனால் சதுரமும் திரும்பிய நிலையிலேயே எல்லோரும் பார்க்க உறைந்து போயிருக்கும். இன்னும் மூன்று முறை திருப்பினால்தான் அது பழையபடி ஆகும். அதை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

தளம் நீண்டதை நிரலில் ஏற்றியது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். அன்று காலையிலும் சரிபார்த்தேன். இரட்டைப்படை என்பது தெரிந்தேதான் திருப்பினேன்.

ஆனால் மறந்துவிட்டேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தங்கச்சி மேல் எனக்கென்ன கோபம்?