ஒரே வண்டியில் வந்த இரண்டு மனு

பிள்ளைகளே, மலாயாவில், குளுவாங் ஊர் நில ஆபீசில் ஒரு நாள் காலையில் நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இளையவர், தன்னோடு வந்திருந்த பெரியவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"உங்க மாட்டு வண்டியிலயே வந்து உங்களுக்கு எதிராவே மனு கொடுக்கப்போறேன். கோவிச்சுக்காதீங்க மாமா."

"என் மேட்டு நிலத்தைச் சமன் பண்ண நான் உத்தரவு கேட்டா உனக்கென்ன மாப்பிள்ளை?"

"மேடு உங்களுது. அதுக்குக் கீழ இருக்கிற கிணறு என்னுது. வெட்டிப்போட்ட மண்ணு ஒரு மழை பெஞ்சா என் கிணத்துக்குள்ளதான் வரும். பிள்ளைங்க எதைக் குடிக்கும்?"

"இதை வண்டியில வரும்போதே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா பாதி வழியில இறக்கி விட்டிருப்பீங்க."

பெரியவர் தன் மனுவை விரித்து இன்னொரு தரம் படித்தார். அவர் முறை வந்ததும் மனு வாங்கும் கிராணியிடம், "ஐயா, மேட்டை வெட்டுறதுக்கு முன்னால, மழைத் தண்ணி கிணத்துப் பக்கம் போகாம வாய்க்கால் வெட்டுவேன்னு இதிலயே எழுதிக்குங்க" என்றார்.

"அப்ப என் மனு, மாமா?"

"மடிச்சுப் பத்திரமா வை. நான் வாய்க்கால் வெட்டலேன்னா சொல்லு. நானே வண்டி கட்டி உன்னை இங்க கூட்டிட்டு வர்றேன்."