கென்யாக்காரர் சாப்பிடும் வீடு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். சிலுவைச் சங்கிலி போட்டிருந்தவர் ஆரம்பித்தார்.

"எங்களுக்குக் குடுத்த கென்யாக்காரரை எப்ப திருப்பித் தருவ?"

"இன்னாக்கா பண்றது? சர்ச்சுல குடுத்த சீட்டைக் காட்டிகினு எங்க வாசல்ல நின்னாரு. சாப்புட்ற நேரம். உக்காருங்கன்னுட்டோம்."

"வெளிநாட்டு காலேஜ் பசங்களுக்கு ஞாயித்துக்கெழமை சாப்பாடு போட ஆளுக்கொரு வூடு ஒதுக்குறாங்க. நாங்க நாலு வாரமா பிரியாணி செஞ்சி வச்சிகினு காத்துகினு கீறோம்."

"எங்க வூட்ல சாம்பார்தான்."

"வூடு மாறி வந்துட்டீங்கன்னு சொல்ல வேண்டிதான?"

"அவருக்கே தெரியும்க்கா. சாமி படத்தைப் பாத்துட்டு ரெண்டாவது வாரமே கேட்டாரு, பக்கத்து வூட்ல கோச்சிக்குவாங்களான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"அவங்க கிறிஸ்டியனுங்க, மன்னிச்சிடுவாங்கன்னு சொன்னேன்."