திருகாணி எழுதியிருக்காரா?

அண்ணன்: ...சோத்து டப்பா உள்ளேயே இருக்கு. அது தெரியாம இரும்புத் தொட்டிக்கு மூடியை வச்சு வெல்டிங் பண்ணிட்டேன். அடிச்சுட்டியா?

தங்கச்சி: மெதுவாச் சொல்லுண்ணே. போன்ல ஒத்தை விரல்லதான் அடிக்கிறேன்.

அண்ணன்: மத்தியானம் பசி. தொட்டியைத் தட்டினா உள்ளே டப்பா ‘டங்’குங்குது. என்னய்யா, தொட்டி உனக்குப் பதில் சொல்லுதுங்கிறாரு மேஸ்திரி.

தங்கச்சி: சிரிக்க வைக்காதே, எழுத்து மாறி விழுது.

அண்ணன்: கடைசி வரி. ‘அதுதான் என் பொண்டாட்டி கட்டிக்கொடுத்த கடைசிச் சோறு.’

தங்கச்சி: அடிச்சுட்டேன். உனக்கு இதே வேலைண்ணே. சிரிக்க விட்டுட்டு அழ வைக்கிறது.

அண்ணன்: பிளாக்குல போட்டுடு. போன வாரம் எழுதினதுக்கு நம்ம வாசகர் திருகாணி என்ன கமெண்ட் போட்டிருக்காரு?

தங்கச்சி: அவரு... ‘படித்தேன் வெல்டரே, நன்றாக இருக்கிறது’ன்னு.

அண்ணன்: அவ்வளவுதானா? முன்னெல்லாம் என்ன கிண்டல். ‘நாப்பது வயசுல எழுத்துக் கூட்டினவன், படிக்கத் தெரிஞ்சவனை எல்லாம் பழிவாங்குறான்’னு எழுதுவாரு.

தங்கச்சி: தினமும் கிண்டல் வருமா?

அண்ணன்: என் கண்ணு போனப்புறம் மனுசன் ரொம்ப மரியாதையாயிட்டாரு.

தங்கச்சி: ...மருந்து விடணும். அண்ணாந்து படு.

அண்ணன்: விட்டு என்ன ஆகப்போகுது, டாக்டரே கையை விரிச்சாச்சு. அவர் போன் நம்பரைக் கேக்கச் சொன்னேனே, கேட்டியா? ஒருதடவை குரலைக் கேட்டாப் போதும்.

தங்கச்சி: கேட்டேன்... இருமலாம். பேச முடியலையாம்.

அண்ணன்: நேத்துப் பல்வலின்னே.

தங்கச்சி: பல்லும்தான்.

அண்ணன்: பாவம், ஒத்தை ஆளுக்கு எத்தனை நோவு. நாளைக்குக் கேளு.

தங்கச்சி: அண்ணே...

அண்ணன்: நாளான்னிக்கும் கேளு. எனக்குக் கமெண்ட் போடுறது அவர் ஒருத்தர்தானே.

தங்கச்சி: அண்ணே, அவரு... இல்லைண்ணே. தவறிட்டாராம். அவர் மகன் எழுதியிருக்கான்.

அண்ணன்: ...எப்போ?

தங்கச்சி: காலையில. தூக்கத்துலயே. கஷ்டப்படலையாம்... அண்ணே? கண்ணைக் கசக்காதே. அழுறியா, சிரிக்கிறியா?

அண்ணன்: அவருக்கு மகன் வேற இருந்தானா? எனக்கே தெரியாமப் போச்சே.

தங்கச்சி: உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன பாத்தியா, பழகினியா?

அண்ணன்: திருகாணி நான்தாம்மா. ஒரு ஜீவன் கூட எழுதலையேன்னு, பார்வை இருந்தப்போ அந்தப் பேர்ல நானே எனக்கு எழுதிக்கிட்டேன். என் கண்ணு போன அன்னிக்கே அவன் கையும் நின்னுபோச்சு. அப்புறமும் அவன் எழுதினதா நீ வாராவாரம் படிச்சுக் காட்டினே பாரு... அதுதான் இன்னொருத்தர் எனக்கு எழுதின முதல் வரி. உன் வாயாலயே உண்மை வரும்னு பாத்துத்தான் நம்பரைக் கேட்டேன். நீ ஆளையே கொன்னுட்டே. இனிமே நான் யாருக்கும்மா எழுதுறது?