பொரித்த எண்ணெயில் ஓடிய பத்தொன்பது நாள்

புன்னகையாலேயே இந்த அவையை ஆளும் பட்டறைத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னே முழங்கி என் படபடப்பைக் கூட்டிவிட்ட பெரியோர்களே! வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கையில் கிரீசோடு வாசலிலேயே நிற்கும் தோழர்களே! வணக்கம்!

நான் பேச்சாளர் அல்ல, வேன் ஓட்டுபவள். சிறுநீரகம் செயலிழந்த மூன்று பேரை, ஒருநாள் விட்டு ஒருநாள், முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். அங்கே இயந்திரம் அவர்கள் இரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஒரு முறை தவறினால் மூச்சு முட்டும். மறுமுறையும் தவறினால்? சொல்ல நா எழவில்லை, ஐயா!

அந்த நேரம் பார்த்து வெள்ளம் வந்தது. ஆற்றுப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மருத்துவமனை இக்கரையில், டீசல் லாரி அக்கரையில்! மூன்றே நாளில் பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் காலி. ஆம்புலன்சுக்கே அளந்து ஊற்றினார்கள். என் டேங்கில் பன்னிரண்டு லிட்டர். இரண்டு முறை போய்வரலாம். அப்புறம்?

ஓடினேன் என் நாத்தனாரிடம். என் கணவரின் அக்கா, டீசல் மெக்கானிக்.

"அண்ணி, சமையல் எண்ணெயில டீசல் வண்டி ஓடுமாமே?"

"பழைய வண்டி ஓடும்மா. உன்னுது புதுசு. டீசலைப் பீய்ச்சுற இன்ஜெக்டரோட ஓட்டை ஊசி முனையைவிடச் சின்னது. கெட்டி எண்ணெய் போனா மூக்கடைச்சு நின்னுடும்."

"அப்ப அந்த மூணு பேருக்கும் நான் என்ன பதில் சொல்ல?"

அண்ணி என் வண்டியின் பானட்டைத் திறந்தார்!

கெட்டியை இளக்குவது எது? சூடு! சூடு எங்கே இருக்கிறது? இன்ஜினிலேயே இருக்கிறது! இன்ஜினைச் சுற்றியோடும் வெந்நீரைக் குழாயில் இழுத்தார். எண்ணெய்க்கென்று புதிதாய்ப் பொருத்திய இரண்டாவது டேங்கை அதனால் சுடவைத்தார். டீசலில் கிளம்ப வேண்டும், சூடேறியதும் வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற வேண்டும், நிறுத்தும் முன் டீசலுக்குத் திரும்பிக் குழாயைக் கழுவ வேண்டும். எண்ணெய்? மருத்துவமனை கேன்டீன் சமையல்காரர், பொரித்து மிஞ்சியதை டின் டின்னாய்த் தந்தார்.

முதல் சோதனை ஓட்டம், நானும் அண்ணியும் மட்டும். எண்ணெய்க்கு மாற்றி இரண்டு தெரு தாண்டி, மேட்டில் ஏறும்போது வண்டி இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது! டேஷ்போர்டில் அத்தனை விளக்கும் எரிந்தன. சிரிக்கிறீர்கள்! நான் அன்று ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதேன்.

அண்ணி அழவில்லை. அந்த எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்துக் காய்ந்த சட்டியில் விட்டார். சடசடவென வெடித்தது.

"தண்ணிம்மா! எண்ணெயில தண்ணி கலந்திருக்கு!"

காய்ச்சினோம். ஒருநாள் தெளியவைத்தோம். துணியில் வடித்து, மெல்லிய பில்டரில் மறுபடி வடித்தோம். மீண்டும் சட்டியில் ஒரு கரண்டி. சத்தமே இல்லை! அந்த மௌனத்தைப் போல இனிய இசையை நான் கேட்டதில்லை, தாய்மார்களே!

மறுநாள் காலை மூவரும் ஏறினார்கள். அதில் ஒருவர் தையல்காரர்.

"எங்களை வச்சா சோதனை பண்றே?" என்றார்.

"நானும் இதே வண்டியிலதான் வரேன், ஐயா!"

அண்ணி முன்சீட்டில். எட்டாவது கிலோமீட்டரில், "திருப்பு!" என்றார். திருப்பினேன். மூச்சை அடக்கினேன். மேடு வந்தது. ஏறியதா? ஏறியது! இருமவில்லை, குலுங்கவில்லை, ஏறியது!

பின்னாலிருந்து தையல்காரர், "யாரும்மா உள்ளே பொரிக்கிறது? டாக்டர் எண்ணெய்ப் பண்டமே தொடக்கூடாதுன்னாரே!" என்றார். வண்டியே சிரித்தது.

அன்றிலிருந்து பாலம் சீராகப் பத்தொன்பது நாள் ஆனது. ஒரு முறைகூடத் தவறவில்லை!

"இன்ஜின் என்னாச்சு?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். ஒளிக்க மாட்டேன், அண்ணே! பிரித்தபோது கரி படிந்திருந்தது. இரண்டு இன்ஜெக்டர் மாற்றினோம். இன்ஜெக்டருக்கு மாற்று கடையில் இருக்கிறது. அந்த மூவருக்கு மாற்று எந்தக் கடையில் இருக்கிறது? சொல்லுங்கள்!

மேடைக்கு வரமாட்டேன் என்று கடைசி வரிசையில் முகம் மறைத்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் அண்ணி! கொஞ்சம் எழுந்திருங்க, அண்ணி! வெட்கப்படாதீங்க! அவர் இருபுறமும் இருப்பவர்களைப் பாருங்கள், பெரியோர்களே! அந்த மூவரும்தான் கையைப் பிடித்து எழுப்புகிறார்கள்!

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!