ஈரம் படாத ஸ்டாண்ட்

மரத்தில் தண்ணீர் பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எழுந்து போய்த் துடைப்பவர் வீட்டுக்கு ஒருவர்தான் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். ஆறு வருடம் துடைத்தேன் ஐயா. இதோ, உங்கள் மேசையிலும் டம்ளர் வைத்த இடத்தில் ஒரு வளையம் விழுந்திருக்கிறது. வந்ததிலிருந்து என் கண் அதன் மேலேயே போகிறது.

நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்கும் கை வலிக்கக் கூடாது.

முப்பத்து நான்கு வருடம் ஒரு நாற்காலி மேசைக் கடையில் பாலிஷ் போடுகிற வேலை பார்த்தேன். தெருவில் என்னைப் பாலிஷ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனையோ வீட்டுக் கட்டில்களுக்கு முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு ஏற்றிய கை இது. என் வீட்டுக்கென்று செய்தது ஒன்றே ஒன்று. என் மனைவி தன் தையல் மெஷினை வைக்க ஒரு ஸ்டாண்ட் கேட்டுக்கொண்டே இருந்தாள். இருபது வருடம் இதோ அதோ என்று இழுத்தடித்துவிட்டு, அவளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் செய்தேன். தேக்கு. மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை, நடுவில் கதவு போட்ட அறை. கடைசிக் கோட் அரக்கு காய்வதற்குள் அவள் போய்விட்டாள். மெஷினைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றினேன்.

அதற்கு அடுத்த மாதம் அண்ணன் வந்தார். மின்சார லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் தனியாக இருக்கக் கூடாதென்று துணைக்கு வந்தார். நல்ல எண்ணம்தான், அதில் நான் குறை சொல்லவில்லை. ஒரு பெட்டியும் ஒரு மீன்தொட்டியும் கொண்டுவந்தார். தொட்டியை எங்கே வைப்பது என்று வீடெல்லாம் பார்த்துவிட்டு ஸ்டாண்டின் மேல் வைத்தார்.

"சும்மாதானடா கெடக்கு" என்றார்.

எனக்கு நெஞ்சில் குத்தியது. ஆனால் அண்ணன் வைத்ததை எடு என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அரக்கு பாலிஷுக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு சொட்டு நின்றால் வெள்ளையாக வளையம் விழும். விட்டால் பலகை உப்பும், பிறகு கறுக்கும். அண்ணனோ இரை போட்ட கையை அப்படியே உதறுவார். தொட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பு வைத்தேன். ஓரங்களில் மெழுகு தேய்த்தேன். கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் மூடி வைத்தேன். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் பழைய பருத்தி வேட்டியால் துடைத்தேன். மாத்திரை போட மறந்தாலும் இதை மறந்ததில்லை.

நடு அறையில் மீன்களுக்குக் காற்று விடுகிற மோட்டார் இருந்தது. அதன் ரப்பர் குழாய் மேலே தொட்டிக்குள் போகும். தொட்டித் தண்ணீரைச் சூடாக்குகிற கம்பியின் வயர் கீழே இறங்கி, அறைக்குள் இருந்த பிளக் பெட்டிக்கு வரும். அந்த வயரை அண்ணன் நேராக விட மாட்டார். பெட்டிக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு, மறுபடி மேலே ஏற்றித்தான் சொருகுவார்.

"தண்ணி வயர் மேலயே வழிஞ்சு வரும்டா. தொங்குற எடத்துல சொட்டிடும், பிளக்குக்கு ஏறாது. இத மட்டும் எப்பவும் மாத்திடாத."

மாற்றாமல்தான் இருந்தேன். ஆனால் அந்தச் சொட்டு எங்கே விழும் என்று நினைக்கிறீர்கள்? கீழ்ப்பலகையில். கிண்ணம் வைத்தேன், நிரம்பி வழிந்தது. தொட்டியை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்று வாய்விட்டே கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"மரம்தானடா அது? மனுசனா?" என்று சிரித்தார்.

போன மாதம் அந்தத் தொங்கலை எடுத்துவிட்டேன். வயரை இழுத்துச் சுவரோடு சேர்த்து நேராகச் சொருகினேன். பலகை காய்ந்தது. தண்ணீர் பிளக் பெட்டிக்குள் போயிருக்கும். அது என் வேலை இல்லை, மரம்தான் என் வேலை.

கரண்ட் அடிக்காமலிருக்க ஸ்டாண்டுக்கு முன்னால் தரையில் அவர் போட்டிருந்த ரப்பர் பாயையும் எடுத்தேன். அதற்கு அடியில் ஈரம் தங்கி ஸ்டாண்டின் கால் ஊறுகிறது. கேட்டபோது கழுவிப் போட்டிருக்கிறேன் என்றேன். "பாய் இல்லாம வெறுங்கால்ல நிக்க வெச்சுட்டியே" என்று கேலி பேசினாரே தவிர, மறுபடி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் மாற்றுவது வழக்கம். அந்தப் பிளக் பெட்டிக்குக் கரண்ட் விடுகிற சுவர் ஸ்விட்சை அணைப்பது என் பொறுப்பு. அதில் ஒரு தொல்லை. காற்று நின்றால் தொட்டித் தண்ணீர் அந்த ரப்பர் குழாய் வழியே திரும்பி மோட்டாருக்கு இறங்கும், மோட்டார் வழியாகப் பலகைக்கு வரும். அதைத் தடுக்கக் கடுகளவு ஒரு அடைப்பான் இருக்கிறதாம். வாங்கி வருகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வாரமும் குழாயை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பேன். எனக்கும் அறுபத்து மூன்று வயது. முட்டி விட்டுப்போகும்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்தான் கீழ்ப்பலகையை உப்புத்தாளால் தேய்த்துப் புதுக் கோட் போட்டிருந்தேன். ஈரம் பட்டால் அத்தனையும் வெளுத்துவிடும். அதனால் அன்று ஸ்விட்சை அணைக்கவில்லை.

தொட்டியில் பாதித் தண்ணீரை வாளிக்கு எடுத்துவிட்டு, கை சொட்டச் சொட்ட அண்ணன் கேட்டார்.

"ஆஃப் பண்ணிட்டியாடா?"

"ஆச்சுண்ணா."

"குமிழ் வருதே?"

"மிச்சக் காத்துண்ணா. கொஞ்ச நேரம் வரும்."

அவர் முப்பது வருடம் கம்பம் ஏறியவர். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு, அவரே சொல்லியிருக்கிறார். கீழே நிற்பவன் லைன் ஆஃப் என்று சொன்னால் ஆஃப். மேலே ஏறுகிறவன் அதை மறுபடி கேட்க மாட்டான். கேட்டால், கூட நிற்பவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். அண்ணன் குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ சொன்னா சரி" என்று குனிந்து, பிளக்கைப் பிடுங்க ஈரக் கையை உள்ளே விட்டார்.

சத்தம் ஒன்றும் பெரிதாக வரவில்லை. வாளிதான் உருண்டது.

அப்புறம் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். அடுக்களைக்குப் போய் நூல் எடுத்து வந்தேன். முதலில் ரப்பர் குழாயை மடக்கிக் கட்டினேன். அதற்குப் பிறகு ஸ்விட்சை அணைத்தேன். வாளித் தண்ணீர் ஸ்டாண்டின் கால் பக்கம் ஓடி வந்தது. நாலு காலையும் துடைத்தேன், கீழ்ப்பலகையைத் துடைத்தேன், கதவு இடுக்கில் துணியை விட்டு ஒற்றி எடுத்தேன். அண்ணனின் கை கதவின் மேல் இருந்தது, அதை எடுத்துக் கீழே வைத்தேன். சூடாக இருந்தது. அப்போது ஒரு தடவை மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன். எல்லாம் காய்ந்த பிறகு பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். எனக்கு ரொம்ப அசதியாக இருந்தது. தலையை ஆட்டினேன்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோயிற்று, அவ்வளவுதான். ஸ்விட்சை அணைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அணைத்துவிட்டேன் என்று சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எத்தனை நாளாகத் திட்டம் போட்டீர்கள் என்று கேட்டீர்கள். திட்டமெல்லாம் இல்லை ஐயா. அன்று காலையில் மரம் நனையக் கூடாதென்று தோன்றியது, அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள், ஸ்டாண்டில் ஒரு கறை கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மீன்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் தொட்டியை இறக்கினேன். அவள் மெஷினைத் தூக்கி வைத்தேன். அளவு அச்சாகப் பொருந்தியது. அண்ணன் உடம்பை ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் கொடுத்தார்கள், அதுவரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடம் பரணில் கிடந்த மெஷின், சக்கரம் கொஞ்சமும் மக்கர் செய்யாமல் சுற்றியது. சனிக்கிழமையே இறக்கி எண்ணெய் போட்டு வைத்திருந்தேன்.