இடக்கைக்காரனின் வட்டு

முஸ்தலம்பித் திடலில் டிஸ்க் கோல்ஃப் விளையாடக் கட்டணம் கிடையாது. நகராட்சி இடம். யார் வேண்டுமானாலும் வட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம், சங்கிலிக் கூடைகளைக் குறிபார்த்து எறியலாம், போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டணம் இல்லாத இடத்தில் மரியாதையும் இல்லாமல் போய்விடுகிறது.

நான் கோபக்காரன் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். காகித ஆலையில் இத்தனை வருடம் வேலை பார்த்தேன், ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அந்தத் திடலுக்குப் பாதை வெட்டியவர்களில் நானும் ஒருவன். குளிர்காலத்தில் எறிமேடைகளில் பனியைத் தள்ளுவது இன்றும் நான்தான். யாரும் கேட்டுக்கொண்டதில்லை, நன்றி சொன்னதும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஒருவன் கையைப் பின்னுக்கு இழுத்து எறியப்போகும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நான் எதிர்பார்த்தது அதை மட்டும்தான்.

என் தங்கை ஸிர்க்காவுக்கு அது தெரியும். அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் அதே வீட்டில்தான் இருந்தோம். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவளும் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை காலை கஞ்சி குடித்துவிட்டு இருவரும் திடலுக்குப் போவோம். ஒரு சுற்று முடியும்வரை பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவள் எறிவாள், நான் எறிவேன், நடப்போம். திரும்பி வந்து சானாவுக்கு, எங்கள் நீராவிக் குளியலறைக்கு, விறகு வைப்பேன். இதைவிட நிறைவான வாழ்க்கையை நான் எங்கும் பார்த்ததில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு ரைமோ வந்தான். கடற்கரை ஊர்க்காரன், மனைவியை இழந்தவன், ஊர் ஊராகப் போகும் நூலக வண்டியின் ஓட்டுநர். வண்டி எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். ஸிர்க்கா புத்தகம் எடுக்கப் போவாள். முதலில் கால் மணி நேரம் ஆனது, அப்புறம் அரை மணி. ஒருநாள் சன்னலைத் திறந்தபோது, வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் வயிறு குலுங்கச் சிரிப்பது கேட்டது. அது யாரென்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

ஐம்பத்தாறு வயதில் அவள் அவனைக் கல்யாணம் செய்துகொண்டு ஆற்றுக்கு அந்தப்பக்கம் குடிபோனாள். நான் ஆட்சேபிக்கவில்லை. கல்யாணத்துக்குக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அவளுக்கு முழங்கால் பிரச்சினை வந்து திடலுக்கு வர முடியாமல் போனபோது, சனிக்கிழமைகளில் தன் இடத்துக்கு ரைமோவை அனுப்பி வைத்தாள்.

அவன் எப்படி விளையாடினான் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும். எறிமேடையின் விளிம்பைத் தாண்டித்தான் கால் வைப்பான். நான் கையை இழுக்கும்போது சீட்டியடிப்பான். எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, நாயின் பெயர் என்ன என்று விசாரிப்பான். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொத்திறைச்சி தின்பான், கையைக் கால்சட்டையில் துடைப்பான், அதே கையால் என் வட்டை எடுத்து நீட்டுவான். அவன் இடக்கைக்காரன். எங்களைப் போன்ற வலக்கைக்காரர்கள் எறிந்தால் வட்டு கடைசியில் இடது பக்கம் சாயும், அவன் எறிந்தால் வலது பக்கம். எங்கள் திடலில் வலது பக்கமெல்லாம் ஊசியிலை மரக் காடு. ஒவ்வொரு எறிக்கும் அவன் வட்டு காட்டுக்குள் போகும், நான் நின்று காத்திருப்பேன்.

"மரத்துக்கு என்மேல ஆசை மச்சான். விட மாட்டேங்குது" என்பான். மரத்தில் பட்ட எறியைக் கணக்கில் சேர்க்க மாட்டான்.

ஆறு குளிர்காலம் இதை நான் பொறுத்துக்கொண்டேன். உங்களில் யாராவது பொறுத்திருப்பீர்களா என்று தெரியவில்லை.

அந்த நவம்பர் சனிக்கிழமை திடலை ஒட்டிய ஏரி புதிதாய் உறைந்திருந்தது, மேலே மெல்லியதாய்ப் பனி. திடலில் வேறு ஆள் இல்லை. ஏழாவது கூடைக்கு வந்தோம். அங்கே எறிமேடை பாறைமேல் இருக்கிறது. வலது பக்கம் காடு, இடது பக்கம் ஏரி. நான் எறியத் தயாராகி, கையைப் பின்னுக்குக் கொண்டுபோயிருந்தேன். அவன் அப்போதுதான் பேசினான்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். வசந்தத்துல நாங்க வீட்டை வித்துட்டு ஓவ்லுவுக்குப் போறோம். என் பொண்ணு வீட்டுப் பக்கத்துலயே ஒரு இடம் பார்த்திருக்கோம்."

நான் கையை இறக்கினேன். ஸிர்க்கா என்னிடம் சொல்லவில்லையே என்று கேட்டேன்.

"அவளுக்கு உங்ககிட்ட சொல்லத் தைரியம் இல்ல. அதான் நான் சொல்றேன். நிஜத்தைச் சொன்னா எனக்கு இந்த விளையாட்டே பிடிக்காது மச்சான். அண்ணன் தனியா இருக்காரு, துணைக்குப் போயிட்டு வாங்கன்னு அவதான் விரட்டுவா. நானும் வந்துட்டிருந்தேன். நீங்களும் அங்க வாங்களேன். மாடியில ஒரு அறை இருக்கு."

கேலியாகச் சொல்லவில்லை. என் தோளில் கையும் வைத்தான். ஆறு வருடமாக அவன் எனக்குப் பிச்சை போட்டுக்கொண்டிருந்திருக்கிறான், நான் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. காது மட்டும் கொஞ்சம் அடைத்தது.

அதன் பிறகு அவன் வட்டு ஏரிமேல் போய் விழுந்தது. சிவப்பு வட்டு, ஸிர்க்கா அவன் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை, ஓடை வந்து ஏரியில் கலக்கிற இடத்தில் கிடந்தது. போனால் போகட்டும் என்றான். பரிசாகக் கொடுத்ததை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அவள் வருத்தப்படுவாள் என்று சொன்னேன். பனிக்கட்டி தாங்குமா என்று கேட்டான்.

"நேத்துகூட நான் அதுமேல நடந்தேன் மாப்ளே" என்றேன்.

ஓடை கலக்கிற இடத்தில் அடியில் நீரோட்டம் இருக்கும், ஜனவரி வரை அங்கே பனிக்கட்டி தடிக்காது. ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். அவன் வெளியூர்க்காரன்.

வட்டை எட்டுவதற்கு முன்பே உடைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, ஈரத்துணி கிழிவது போல இருந்தது. அவன் தலை மேலே வந்தது, கைகளை விளிம்பில் ஊன்றினான், விளிம்பு உடைந்தது, மறுபடி ஊன்றினான். நிதானமாகத்தான் பேசினான், அதை நான் மறைக்கவில்லை.

"மச்சான், உங்க பையில நீளக் கம்பி இருக்குல்ல, அதை நீட்டுங்க."

தண்ணீரில் விழும் வட்டுகளை எடுப்பதற்காக இழுத்து நீட்டும் கம்பி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அன்றும் இருந்தது. நான் பாறைமேல் நின்றிருந்தேன். பிறகு அவன் மச்சான் என்பதை விட்டுவிட்டு, அவுலிஸ், அவுலிஸ் என்று என் பெயரைச் சொன்னான். சிறிது நேரம்தான். குளிர்ந்த நீரில் நேரம் எடுக்காது.

எனக்கு என் எறி பாக்கி இருந்தது. எறிந்தேன். ஒரு சீட்டி இல்லை, பேச்சு இல்லை, தின்கிற சத்தம் இல்லை. வட்டு பாதையின் நடுவில் போய், சாய்ந்து, கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அந்தக் கூடையில் அதைவிட நல்ல எறி எனக்கு வாய்த்ததே இல்லை. போய்ச் சங்கிலியில் போட்டு முடித்துவிட்டு, அவசர எண்ணுக்கு அழைத்தேன்.

வந்தவர்கள் என்மீது போர்வை போர்த்தினார்கள். எல்லோரும் நல்லவிதமாக நடந்துகொண்டார்கள். வட்டைக் காற்று இழுத்துக்கொண்டு போனது, தடுத்தேன், கேட்கவில்லை என்று சொன்னேன். நம்பினார்கள். அடக்கம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஸிர்க்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு எறிஞ்சா எப்பவும் காட்டுக்குள்ளதானே போகும். ஏரிக்கு எப்படிப் போச்சு?"

காற்று என்றேன்.

"அன்னிக்குக் காத்தே இல்லண்ணே. நான் சன்னல் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் புகை நேரா மேல போச்சு."

அவள் அழவில்லை. என் கையிலிருந்த காப்பிக் கோப்பையை வாங்கிக் கழுவும் தொட்டியில் வைத்தாள். அப்புறம் என் வலது கையைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து அந்தக் கை எறிவதைப் பார்த்து வந்தவள். வெளியே போய் போலீஸுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டாள்.

அதனால் முன்பு சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். வட்டு ஏரிமேல் போய் விழுந்தது என்று சொன்னேன். அது தானாகப் போகவில்லை. ஊர் மாறப்போகிற செய்தியைச் சொல்லி முடித்ததும், அவன் தன் வட்டை என்னிடம் நீட்டினான். "ஒரே ஒரு தடவை எனக்காக நீங்க எறிங்க மச்சான். காட்டுக்குள்ள போகலன்னு அவகிட்ட சொல்லிக்கிறேன், சிரிப்பா" என்றான். எறிந்தேன். எங்கே விழ வேண்டும் என்று நினைத்தேனோ அங்கே விழுந்தது. இதில் கைப்பிசகு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஓடை கலக்கிற இடத்தில் எச்சரிக்கைப் பலகை நடுவது என் வேலை. ஏரி உறையத் தொடங்கும்போதே நட்டுவிடுவேன். அந்த வருடம் நடவில்லை. வண்ணம் உரிந்திருந்தது, பூச வேண்டும் என்று கொட்டகையில் வைத்திருந்தேன். எனக்கு ஓவ்லு பற்றித் தெரிவதற்கு முன்பே அது அங்கேதான் கிடந்தது. வண்ண டப்பாவைத் திறந்தீர்களா என்று அந்த இளம் அதிகாரி கேட்டார். திறக்கவில்லை.

கண்மூடித்தனமான கோபத்தில் செய்ததாகச் சொன்னால் தண்டனை குறையும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். நான் சம்மதிக்கவில்லை. கோபப்பட்டவன் கத்துவான், கையை ஓங்குவான். நான் என் தங்கையை ஒரு கூச்சல்காரனிடமிருந்து மீட்டேன், அவ்வளவுதான். அவளுக்கு இப்போது துக்கம், விளங்காது. பார்க்க வர மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். ஓவ்லுவில் ரைமோவின் பெண் வீட்டில் இருக்கிறாளாம். இருக்கட்டும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். எங்கள் வீட்டுச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. மாடியில் ஸிர்க்காவின் அறையில் வெப்பமூட்டியை நான் ஒருநாளும் அணைத்ததில்லை. அவள் ஆற்றைத் தாண்டிப் போன பிறகும் அணைக்கவில்லை. யாராவது போய் அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவள் திரும்பி வரும்போது படுக்கை குளிர்ந்திருக்கக் கூடாது.